இருளும் ஒரு வாழிடம்

விளக்கடியில் ஒரு கேள்வி

ஜூன் மாதத்தில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும், புனேயைச் சுற்றியுள்ள அணைக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் இருக்கும் தெருவிளக்குகளைப் பூச்சிகள் மொய்க்கத் தொடங்கும். ஈசல், சாணவண்டு, தத்துப்பூச்சி, அந்துப்பூச்சி என்று எல்லாம் கலந்த கூட்டம். பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி வரும், விளக்கில் முட்டும், மல்லாந்து விழுந்து கால்களை உதைத்துக்கொள்ளும். சற்று நேரம் குனிந்து தரையைப் பார்த்தால், வேறு மாதிரி நடந்துகொள்ளும் ஒன்று கண்ணில் படக்கூடும். விருட்டென்று ஓடும். சட்டென்று நிற்கும். மறுபடி ஓடும். கால்கள் நீண்டு மெலிந்திருக்கும். கண்கள் தலைக்கு வெளியே புடைத்து நிற்கும். பல் வைத்த இரு தாடைகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மடிந்திருக்கும். சிறகிழந்து ஊரும் ஈசலின் அருகே வந்து, ஒரே பாய்ச்சலில் கவ்வி, அங்கேயே மென்று கூழாக்கிச் சாற்றை உறிஞ்சும்.

இதுதான் புலி வண்டு. பகலில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி வியப்பாக இருக்கும். ஏனென்றால் புலி வண்டு கண்ணை நம்பி வேட்டையாடும் பூச்சி. சுள்ளென்ற வெயிலில் ஆற்று மணலில் ஓடியாடுவதுதான் அதன் அடையாளம் என்று புத்தகங்களும் சொல்கின்றன. அப்படிப்பட்டதற்கு ராத்திரியில் என்ன வேலை? கண்ணுக்கு வேலையில்லாத நேரத்தில் அது எப்படிப் பிழைக்கிறது?

விடையைத் தேடிப் போகும்போது, ஓர் உயிரின் வாழிடம் என்று நாம் சொல்வதன் பொருளையே சற்று விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்ணை முந்தும் கால்

உலகில் ஏறத்தாழ 3,000 வகைப் புலி வண்டுகள் உண்டு. இந்தியாவில் மட்டும் 200-க்கும் மேல். 1912-லேயே டபிள்யூ. டபிள்யூ. ஃபௌலர், 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசையில் இவற்றுக்கு ஒரு தொகுதியின் பெரும்பகுதியை ஒதுக்கினார். பிறகு அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பியர்சன் பல பத்தாண்டுகள் இந்தியாவிலும் தென் அமெரிக்காவிலும் இவற்றைத் தேடி அலைந்தார். எந்தெந்தப் பகுதியில் உயிர்வகைகள் செழித்திருக்கின்றன என்பதை அறியப் புலி வண்டுகளை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று அவரும் ஃபேபியோ கசோலாவும் 1992-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது.

இவற்றின் முதல் பெருமை வேகம். ஆஸ்திரேலியாவின் உப்பு ஏரிகளில் வாழும் ஓர் இனம் நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 9 கிலோமீட்டர் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது ஒரு நொடியில் தன் உடல் நீளத்தைப் போல் 120 மடங்குக்கும் மேலான தொலைவைக் கடந்துவிடுகிறது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இரையைத் துரத்தும் புலி வண்டு ஏன் நடுநடுவே நின்று நின்று ஓடுகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல் கில்பர்ட் 1990-களில் ஆராய்ந்தார். அவர் கண்ட விடை: ஓடும்போது அதற்குக் கண் தெரிவதில்லை. மங்கிய வெளிச்சத்தில், ஓடும் குழந்தையைப் படமெடுத்தால் உருவம் கலங்கி இழுபடுகிறதல்லவா, அதே கதைதான். இரையின் உருவத்தைத் தெளிவாகப் பிடிக்கப் போதிய ஒளி அதன் கண்ணில் சேர்வதற்குள் கால்கள் அதை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. ஆகவே நிற்கிறது, இரை எங்கே என்று மறுபடி பார்க்கிறது, திரும்ப ஓடுகிறது.

பார்வை கலங்கியிருக்கும் அந்த இடைவெளியில் வழியில் கிடக்கும் கல்லிலும் குச்சியிலும் மோதாமல் எப்படித் தப்புகிறது? 2014-ல் டேனியல் ஸூரெக்கும் கில்பர்ட்டும் அதற்கும் விடை கண்டார்கள். ஓடும்போது புலி வண்டு தன் இரு உணர்கொம்புகளையும் தரையை ஒட்டி முன்னால் விறைப்பாக நீட்டிக்கொள்கிறது. கொம்பு எதிலாவது பட்டதும் உடல் மேலே எழும்பித் தடையைத் தாண்டிவிடுகிறது. கண்ணுக்கு வண்ணம் பூசி மறைத்த வண்டுகள்கூடத் தாண்டின; கொம்பை நறுக்கிவிட்ட வண்டுகளோ முட்டிக்கொண்டன.

ஆக, உச்சி வெயிலில் ஓடும் புலி வண்டே பாதி நேரம் தொட்டுத் தடவித்தான் வழி கண்டுபிடிக்கிறது. அப்படிப் பார்த்தால் இருட்டு அதற்கு அவ்வளவு அந்நியமான இடமில்லை.

இரவையே வீடாக்கிக்கொண்டவை

இரவில் நாம் காணும் புலி வண்டுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, பகலில் வேட்டையாடி இரவில் பறந்து இடம் மாறுபவை. நம் விளக்கடிக்கு வருபவற்றில் பல இப்படிப்பட்டவைதான். இரண்டாம் வகை, முழுக்க முழுக்க இருட்டிலேயே இயங்குபவை. இவற்றை இரவாடிகள் என்போம்.

பகலில் திரியும் இனங்கள் எல்லாமே இரவில் பறந்து திரிவதில்லை. பெரு நாட்டுக் காடுகளில் பியர்சனும் அவருடைய சகாவும் 1980-களில் கண்டது இது: இருட்டியதும் வண்டுகள் செடிகளில் ஏறி, இலைகளின் மேல் கூட்டமாகத் தங்கி இரவைக் கழிக்கின்றன. நம் சிவாலிக் குன்றுகளிலும் இப்படிக் கூட்டமாக உறங்கும் புலி வண்டுகளை டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இரவாடிகளைப் பார்க்க அமெரிக்கக் கண்டங்களுக்குப் போக வேண்டும். அங்கேதான் அவற்றின் வகைகள் மிகுதி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குளம், ஆறு, வாய்க்கால் ஓரங்களில் வாழ்வது டெட்ராக்கா கரோலினா. உடலெல்லாம் பச்சையும் செம்பு நிறமுமாக மின்னும். பகல் முழுவதும் மரத்துண்டின் அடியிலோ மண் வெடிப்பிலோ பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்தபின் ஈரக்கரையில் ஓடத் தொடங்கும். நடுவிலுள்ள பெரும் புல்வெளிகளின் மண்மேடுகளில் இருப்பது ஆம்ப்ளிகைலா. மூன்றரை சென்டிமீட்டர் வரை வளரும் இதுவே வட அமெரிக்காவின் மிகப் பெரிய புலி வண்டு. பசிபிக் கரையோரக் காடுகளின் ஈர நிழலில் இருப்பது ஓமஸ், கன்னங்கரேலென்று இருக்கும். ஆம்ப்ளிகைலாவும் ஓமஸும் பறக்கும் திறனை இழந்தவை. அவற்றின் கண்களும் பகல் இனங்களின் புடைத்த கண்களைப் போலன்றிச் சிறுத்திருக்கின்றன. தேவைப்படாத கண் சுருங்கிவிட்டது.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் சிறகற்ற இரவாடியான ஆப்டெரோயெஸா க்ராஸா. டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1781-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அருங்காட்சியகங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகளே உள்ள அரிய பூச்சி இது.

பகலை விட்டு இரவுக்குப் போனதால் என்ன ஆதாயம்? மூன்று. கோடையில் மணல் பகலில் கொதிக்கும், இரவில் ஆறிக் கிடக்கும். பகலில் பறவை, பல்லி, கொள்ளை ஈ ஆகியவை புலி வண்டைப் பிடிக்கக் காத்திருக்கும். பகலில் ஒளிந்துகிடக்கும் எத்தனையோ சிறு பூச்சிகள் இரவில்தான் வெளியே வரும். உணவு கூடுதல், பகை குறைவு, வெம்மை இல்லை. ஆனால் இருட்டிலும் ஒரு பகை காத்திருக்கிறது. அதற்குப் போகும் முன் மண்ணுக்குள் ஒரு பார்வை.

மண்ணைத் தேரும் தாய்

ஓடி ஓடித் திரியும் இந்தப் பூச்சியின் வாழ்நாளில் பெரும்பகுதி ஓரிடத்தை விட்டு நகராமலே கழிகிறது. பெண் வண்டு மண்ணின் ஈரத்தையும் பொடித்தன்மையையும் சோதித்துப் பார்த்து, பிடித்த இடத்தில் ஒவ்வொரு முட்டையாகப் புதைக்கிறது. வெளிவரும் புழு அதே இடத்தில் செங்குத்தாக ஒரு குழி தோண்டிக்கொள்கிறது. தட்டையான தலையால் குழியின் வாயை அடைத்தபடி காத்திருக்கும். எறும்போ சிலந்தியோ பக்கத்தில் வந்தால் பின்புறமாக வளைந்து எகிறிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இரை திமிறித் தன்னை வெளியே இழுத்துவிடாதபடி, முதுகில் ஒரு மேடும் அதில் முன்நோக்கி வளைந்த கொக்கிகளும் குழிச்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. இந்தக் குழிவாழ்க்கை, இனத்தையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துச் சில மாதங்கள் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வரை நீளும்.

அதனால்தான் ஒவ்வோர் இனமும் ஒரு குறிப்பிட்ட மண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. ஒன்றுக்கு ஈர மணல், இன்னொன்றுக்கு உவர்நிலம், மற்றொன்றுக்குக் காட்டுப்பாதையின் கெட்டியான செம்மண். பெங்களூரில் கே. என். கணேசையாவும் வி. வி. பெளவாடியும் 1986-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு புலி வண்டு இனங்கள் வாழிடத்தைத் தங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை விவரித்தது. நம் கண்ணுக்கு ஒரே நிலமாகத் தெரிவது அவற்றுக்குப் பல நாடுகள்.

மழைக்காலத்தில் புனேயில் இருந்தவர்களுக்கு பிடே பாலம் தெரிந்திருக்கும். கடக்வாஸ்லா அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதும் முட்டா நதி பெருகி அந்தத் தாழ்ந்த பாலத்தை மூழ்கடிக்கும். கரையோர மண்ணும் சேர்ந்தே மூழ்கும். அப்போது குழிக்குள் இருக்கும் புழுக்களின் கதி? இதற்கு ஆச்சரியமான ஒரு விடை பிரேசிலிலிருந்து வந்தது. மனௌஸ் நகரருகே அமேசான் ஆறு ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்து கரைகளை மூழ்கடிக்கிறது. அங்கே ஃபேயோக்ஸாந்தா க்ளூகி என்ற இரவாடிப் புலி வண்டின் புழுக்களை மத்தியாஸ் ஸெர்ம், யோவாகிம் ஆடிஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். வெள்ளத்தடி மண்ணில், மூச்சுக்காற்றே இல்லாத நிலையில், அவை மாதக்கணக்கில் உயிரோடு இருந்தன. ஆற்றின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துவாழ அந்தப் புழுவால் முடிகிறது. ஆனால் ஆற்றங்கரை சிமெண்ட் ஆகிவிட்டால் எந்தத் தாங்கும் திறனும் உதவாது.

வௌவாலுக்கு மறுமொழி

இனி இருட்டின் பகைக்கு வருவோம். இரவில் பறக்கும் எந்தப் பூச்சிக்கும் எமன் வௌவால்தான். வௌவால் குரலெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இரையின் இடத்தை அறிகிறது. அந்தக் குரல் மீயொலி, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. சாதாரணமாகத் தேடும்போது விட்டு விட்டுக் குரல் கொடுக்கும். இரையை நெருங்க நெருங்கக் குரல்கள் நெருக்கமாகி, கடைசி நொடியில் ஒரே ரீங்காரமாகிவிடும்.

புலி வண்டுகளுக்கு இந்த ஒலி கேட்கிறது என்பதை 1988-ல் அரிசோனாவின் ஹேவர்டு ஸ்பேங்க்லர் எடுத்துக்காட்டினார். காதுகள் இருப்பது வயிற்றுப் பகுதியின் முதுகுப்புறத்தில், சிறகுகளுக்கு அடியில். வண்டு சிறகை விரித்துப் பறக்கும்போது காது திறந்துகொள்கிறது. 1997-ல் ஸ்பேங்க்லரும் டேவிட் யேகரும் இன்னொன்றையும் கண்டார்கள். வௌவால் குரலைக் கேட்ட புலி வண்டு தானும் மீயொலியில் பதில் கொடுக்கிறது!

எதற்காகப் பதில்? பேசாமல் தப்பி ஓடுவதுதானே புத்திசாலித்தனம்? இந்தப் புதிரை ஹார்லன் காஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. அவர்கள் எப்படிப் படிப்படியாகச் சென்றார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதல் படி, பதிலைப் பதிவு செய்வது. அரிசோனாப் பாலைவனத்தில் பிடித்த வண்டின் முதுகில் மெல்லிய உலோகக் கம்பியை ஒட்டி, அதை அந்தரத்தில் பறக்கவிட்டார்கள். வண்டு சிறகடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் இடம் விட்டு நகராது. அப்போது தாக்க வரும் வௌவாலின் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்தார்கள். நெருங்கும் குரல் கேட்டதும் வண்டு தன் வன்சிறகுகளை, அதாவது முதுகை மூடும் கெட்டியான மேலோடுகளை, சற்றே பின்னுக்குத் தள்ளியது. அடித்துக்கொண்டிருந்த மெல்லிய பின்சிறகுகள் அந்த ஓட்டின் விளிம்பில் ஒவ்வொரு அடிப்பிலும் பட்டன. பட்டபோதெல்லாம் ஒரு மீயொலிச் சொடுக்கு. இரவில் பறக்கும் இனங்கள் இப்படிப் பதிலளித்தன. பகலில் மட்டும் பறக்கும் இனங்கள் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் படி, இந்தச் சொடுக்குகள் வௌவாலின் எதிரொலிகளோடு கலந்து அதைக் குழப்புகின்றனவா என்று பார்ப்பது. சில அந்துப்பூச்சிகள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அதற்கு ஒலி மிக நெருக்கமாக, சிக்கலாக இருக்க வேண்டும். புலி வண்டின் ஒலி எளிமையானது. ஆகவே அந்த விளக்கம் பொருந்தவில்லை.

மூன்றாம் படி, 'என்னைத் தின்னாதே, நான் கசப்பு' என்ற எச்சரிக்கையா என்று சோதிப்பது. இது நியாயமான ஊகம்தான். புலி வண்டுகள் பலவற்றின் உடலில் கசப்பு வாதுமை மணம் வீசும் பென்சால்டிஹைடு என்ற தற்காப்பு வேதிப்பொருள் உண்டு. ஏழு இனங்களைச் சேர்ந்த 94 வண்டுகளை வளர்ப்பு வௌவால்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 90 வண்டுகளை அவை மிச்சமின்றித் தின்றுவிட்டன. கசப்பாக இருந்திருந்தால் துப்பியிருக்க வேண்டும். வௌவாலைப் பொறுத்தவரை அது நல்ல சாப்பாடு. ஆக, எச்சரிக்கை உண்மையில்லை.

நான்காம் படிதான் விடையைக் கொடுத்தது. அதே வட்டாரத்தில் பறக்கும் புலி அந்துப்பூச்சிகளின் ஒலியையும் புலி வண்டுகளின் ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த அந்துப்பூச்சிகள் உண்மையிலேயே நச்சுள்ளவை. வௌவால் அருகே வந்தால் சொடுக்கி எச்சரிப்பவை. இரண்டின் ஒலிகளும் தாளத்திலும் சுருதியிலும் ஒத்துப்போயின. நச்சில்லாத வண்டு, நச்சுள்ள அந்துப்பூச்சியின் குரலில் பேசித் தப்பிக்கப் பார்க்கிறது என்று குழு முடிவு கட்டியது. உயிரியலில் இதைப் பாசாங்கு என்று சொல்லலாம். நிறத்தில் பாசாங்கு செய்யும் பட்டாம்பூச்சிகளை நாம் அறிவோம். இது குரலில் செய்யும் பாசாங்கு.

இந்த ஆய்வில் என் மனத்தைத் தொடுவது வண்டின் தந்திரம் மட்டுமல்ல, அந்தத் தந்திரம் எத்தனை பேரைச் சார்ந்திருக்கிறது என்பதும்தான். நச்சுள்ள அந்துப்பூச்சி அந்த வானத்தில் பறக்க வேண்டும். அதைக் கடித்துப் பார்த்து, கசந்து, இந்த ஒலியைக் கேட்டால் விலக வேண்டும் என்று வௌவால் கற்றிருக்க வேண்டும். அந்துப்பூச்சிக்கு அந்த நச்சைத் தரும் செடி பூமியில் இருக்க வேண்டும். புனேக் குன்றுகளில் மழைக்குப் பின் மஞ்சளாகப் பூக்கும் கிலுகிலுப்பைச் செடியைத் தின்று வளரும் ஓர் அந்து, அந்தச் செடியின் நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வது நாம் அறிந்ததே. செடியும் அந்தும் வௌவாலும் சேர்ந்து கட்டிய ஒப்பந்தத்தின் ஓரத்தில் புலி வண்டு ஒண்டிப் பிழைக்கிறது. அசல் குறைந்தால் போலிக்கு மதிப்பில்லை.

விளக்கு செய்வது என்ன

இந்த ஏற்பாட்டின் நடுவே நாம் விளக்கைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பூச்சிகள் விளக்கை விரும்பி வருகின்றன என்றுதான் நெடுநாள் நினைத்தோம். சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி முதலிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராக்களால் பூச்சிகள் பறப்பதைப் படமெடுத்து 2024-ல் வேறொரு விளக்கம் தந்தார்கள். பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளி வரும் திசைக்குத் திருப்பி வைத்துக்கொள்கிறது. இயற்கையான இரவில் ஒளி வருவது வானத்திலிருந்து. ஆகவே முதுகை ஒளிக்குக் காட்டினால் மேல் எது, கீழ் எது என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் அந்தக் கணக்கு தவறுகிறது. முதுகைத் திருப்பத் திருப்பப் பாதை வளைகிறது. பூச்சி சுழலில் சிக்கிக்கொள்கிறது. ஆசையால் வரவில்லை, வழி தவறி அகப்படுகிறது.

புலி வண்டுக்கு இதனால் என்ன நட்டம் என்பதற்கு அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரம் ஓர் எச்சரிக்கை. அந்நகரை ஒட்டிய உவர்ச் சதுப்புகளில் மட்டுமே வாழும் சால்ட் கிரீக் புலி வண்டை 2005-ல் அமெரிக்க அரசு அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவித்தது. சதுப்பு வற்றியதும் ஓடையை ஆழப்படுத்தியதும் நகரம் விரிந்ததும் முக்கியக் காரணங்கள். நகரின் இரவு விளக்குகள் வண்டுகளை அவற்றின் இடத்திலிருந்து இழுத்துவிடுவதும் ஆய்வாளர்களின் கவலைகளில் ஒன்று. மண் அப்படியே இருந்தும், முட்டையிட வேண்டிய தாய் அங்கே இல்லையென்றால் அந்த மண்ணால் பயன் இல்லை.

புனே எதைக் காக்க வேண்டும்

புனே ஆறுகளால் ஆன ஊர். முளாவும் முட்டாவும் நகருக்குள்ளேயே கூடி, பிறகு பீமாவில் கலக்கின்றன. இப்போது 44 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம் வகுக்கப்பட்டு வேலை நடக்கிறது. நடைபாதை, படித்துறை, தோட்டம், விளக்கு எல்லாம் வருகின்றன. மக்கள் ஆற்றை நெருங்கி வருவது நல்லதே. ஆனால் கட்டிமுடித்த கரையில் புழுவுக்குக் குழி தோண்ட மண் இருக்காது. விளக்கு வரிசையின் கீழ் வண்டுக்கு இரவு இருக்காது. இங்கே மரம் எண்ணுகிறோம், பறவை எண்ணுகிறோம். மணலும் சேறும் கலந்த வெறுங்கரையை யாரும் எண்ணுவதில்லை. அதைச் சுத்தம் செய்ய வேண்டிய குப்பை நிலமாகவே பார்க்கிறோம்.

அறியவும் காக்கவும் தேவையானவை இந்த நகரத்தில் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் ஆகுர்டியில் இருக்கிறது. மாடர்ன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஹேமந்த் காட்டே போன்றோர் இப்பகுதி வண்டுகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிவந்திருக்கிறார்கள். ஒரு மீயொலி ஒலிவாங்கியும் மெல்லிய கம்பியும் பொறுமையும் இருந்தால், அரிசோனாவில் செய்த முதல் சோதனையை ஒரு கல்லூரி மாணவர் முட்டா நதிக்கரையில் செய்து பார்க்கலாம். நம் புலி வண்டுகளில் எது வௌவாலுக்குப் பதில் சொல்கிறது, எது மௌனம் காக்கிறது என்ற பட்டியலே ஒரு புதிய அறிவாக இருக்கும்.

செய்ய வேண்டியவையும் எளிமையானவை. கரையில் ஆங்காங்கே கல் பதிக்காத மண்துண்டுகளை விட்டுவைக்கலாம். விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைப் பாதையில் மட்டும் விழச் செய்யலாம். பூச்சிகளை அதிகம் குழப்பும் நீலம் கலந்த வெண்ணொளிக்குப் பதிலாக மங்கிய மஞ்சள் ஒளியைப் பயன்படுத்தலாம். மழைக்கால மாதங்களில் நள்ளிரவுக்குப் பின் கரையோர விளக்குகளை அணைத்துவைக்கலாம்.

வாழிடம் என்றால் நமக்கு இடம்தான் நினைவுக்கு வருகிறது: இந்தக் காடு, அந்தக் கரை. புலி வண்டு அதோடு நேரத்தையும் சேர்த்துக் கேட்கிறது. பகல் இனத்துக்கும் இரவாடிக்கும் ஒரே மணல் இரண்டு வேறு உலகங்கள். அவற்றைப் பிரிக்கும் சுவர் சூரியன் மறைவதுதான். ஆகவே ஆற்றங்கரைத் திட்டங்களின் வரைபடத்தில் எத்தனை மீட்டர் மண் மிஞ்சும் என்று கேட்பதோடு, எத்தனை மீட்டர் இருள் மிஞ்சும் என்றும் கேட்டாக வேண்டும்.